இரண்டாம் பார்வை

ரோலான் கெட்டிக்காரிதான். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன். பிறகு யாரும் வந்து, "குய்மெய், உனக்கு அந்தப் பெண்ணின் அருமை தெரியவில்லை" என்று எனக்குப் பாடம் எடுக்கக் கூடாது. அவளுடைய அருமை எனக்குத் தெரிந்த அளவுக்கு இந்தத் தாவ்யுவான் விமான நிலையத்தில் வேறு யாருக்கும் தெரியாது. தெரிந்ததால்தான் வயிறு எரிந்தது.

விமானங்களை நிறுத்திப் பழுது பார்க்கும் எங்கள் ஹாங்கருக்கு வருவதெல்லாம் கிழட்டு விமானங்கள். ஆட்களை ஏற்றி ஓடி ஓய்ந்து, இப்போது சரக்கு ஏற்றிக்கொண்டு திரிபவை. ஒவ்வொரு முறை மேலே போகும்போதும் விமானத்தின் உடல் காற்றடைத்துக் கொஞ்சம் உப்பும், இறங்கும்போது சுருங்கும். வருஷக்கணக்காக இப்படி உப்பிச் சுருங்கினால் எந்தத் தோல்தான் தாங்கும்? தகட்டின் மேல் தகடு வைத்து ரிவெட் ஆணி அடித்த இடங்களில், அந்த ஓட்டைகளின் ஓரத்தில், முடி மாதிரி விரிசல் விடும். மேலே பெயின்ட் மினுமினு என்று இருக்கும். சில விரிசல்கள் உள் தகட்டில் தொடங்கும். அதை எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாது. அதற்குத்தான் எங்கள் மெஷின். பென்சில் போல ஒரு முனை. அதை ரிவெட் வரிசையின் மேல் வைத்து மெல்ல இழுத்துக்கொண்டே போக வேண்டும். உலோகத்துக்குள் மின்சாரம் சுழலும். திரையில் ஒரு பச்சைப் புள்ளி. விரிசல் இல்லையென்றால் புள்ளி படுத்துக் கிடக்கும். இருந்தால் துள்ளும். அவ்வளவுதான் வேலை. ஆயிரக்கணக்கான ரிவெட்கள், ஒரு புள்ளி. பார்க்கிறவர்களுக்குக் கொட்டாவி வரும். எனக்கு இதைவிட்டால் வேறு எதுவும் பிடிக்காது.

இதில் ஒரு விதி உண்டு. ஒருவர் முழு உடலையும் பார்ப்பார். அது முதல் பார்வை. அவர் கண்டதைத் தலைவரிடம் மட்டும் சொல்வார். விமானத்தின் மேல் ஒரு கோடுகூடப் போட மாட்டார். பிறகு இன்னொருவர் ஒன்றும் தெரியாமல் மறுபடி முதலிலிருந்து பார்ப்பார். அது இரண்டாம் பார்வை. கடைசியில் இரண்டையும் வைத்து ஒப்பிடுவார்கள். விமானக் கம்பெனிக்காரரிடம் பேசுவது முதல் ஆள். அறிக்கையில் பெரிதாக வருவது முதல் ஆளின் பெயர். இரண்டாம் ஆளின் பெயர் கீழே சின்னதாக வரும். முதல் பார்வைக்குத்தான் மதிப்பு, காதலிலும் சரி, எங்கள் ஹாங்கரிலும் சரி.

நான் பல வருஷமாக இரண்டாம் பார்வை. முதலாக இருந்த சூ புத்தாண்டோடு ஓய்வு பெற்றார். அடுத்தது நான்தான் என்று நான் மட்டுமில்லை, ஊரே நினைத்தது. என் புருஷன் ஆகுன் வறுத்த வாத்து ஒன்றை முழுசாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். அந்த வாத்தைத் தின்று முடிப்பதற்குள் தலைவர் கூ தெற்கே காங்ஷான் விமானப் படைப் பட்டறையிலிருந்து ரோலானைக் கூட்டிக்கொண்டு வந்தார். முப்பது வயதுகூட ஆகாதவள். குட்டை முடி, சின்னக் கை, யாரைப் பார்த்தாலும் தலை குனிந்து ஒரு வணக்கம்.

"இப்போதைக்கு ரோலான் முதல்ல போகட்டும், மெய்," என்றார் தலைவர். "அடுத்து ஒரு பெரிய சரக்கு விமானம் வருதில்ல? அது முடியட்டும். அதுக்கப்புறம் நிரந்தரமா யாரு முதல்னு சொல்றேன்."

"சரி தலைவரே," என்றேன். வேறென்ன சொல்ல? வாத்து எலும்பு தொண்டையில் நின்றது போல இருந்தது.

வந்த கொஞ்ச நாளிலேயே அவள் பெயர் வாங்கிவிட்டாள். ஒரு விமானத்தில் ஜன்னல் வரிசைக்கு மேலே ஒரு ரிவெட்டைக் காட்டி விரிசல் என்றாள். நாங்கள் ஓர் இடத்தைச் சொன்னால், அந்த ரிவெட்டைத் துளைத்து எடுத்து ஓட்டையைத் திறந்து காட்டுவது ஆகுனின் வேலை. எங்கள் சொல்லை நம்பித்தான் அவன் நல்ல உலோகத்தில் துளைபோட வேண்டும். சொன்னது தப்பாகிப்போனால் அவன் வாயிலிருந்து வருவதைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் சூப்பைக்கூடத் தொடாமல் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினான்.

"கண்ணால பாத்த மாதிரில்ல சொல்றா! ஓட்டைக்குக் கீழ்ப்பக்கமா, பின்னால சாஞ்சு போகுதுன்னா. தொறந்து பாத்தா அப்படியே சாஞ்சு போகுது!"

"நானும் அதத்தான் சொன்னேன்."

"நீயும்தான் சொன்னே. யாரு இல்லன்னா?"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? சூப்ப ஊத்து." கிண்ணத்தை நீட்டிக்கொண்டே சொன்னான், "ஆனா ஒண்ணு. அவ சொன்னா சரியா இருக்கும். கண்ண மூடிக்கிட்டு துளை போடலாம்."

இத்தனை வருஷமாக அவன் எனக்காகவும் துளை போட்டிருக்கிறான். கண்ணை மூடிக்கொண்டு போடலாம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நான் சூப்பை ஊற்றினேன். கொஞ்சம் கிண்ணத்திலும் மீதி மேஜையிலும் விழுந்தது.

அப்புறம் அந்தப் பச்சைப் பொட்டலம். எங்கள் ஊரில் எந்த மெஷினாக இருந்தாலும் அதன் தலையில் ஒரு குவாய் குவாய் பொட்டலம் இருக்கும். தேங்காய் வாசனையோடு பொரித்த சோளத் தின்பண்டம்தான். ஆனால் அதன் பெயருக்குச் சமர்த்து, சமர்த்து என்று அர்த்தம். அது பக்கத்தில் இருந்தால் மெஷின் அடம் பிடிக்காமல் சொன்னபடி கேட்கும். பச்சைதான் வைக்க வேண்டும். மஞ்சளோ சிவப்போ வைத்தால் மெஷின் மக்கர் பண்ணும். தேதி தாண்டியதை வைக்கக் கூடாது. முக்கியமாக, காவலுக்கு இருக்கும் பொட்டலத்தை யாரும் தின்னக் கூடாது. மேலதிகாரியோ மந்திரியோ, யார் வந்தாலும் அதில் கை வைக்க மாட்டார்கள்.

பெரிய சரக்கு விமானம் உள்ளே வந்த அன்று ரோலானின் மெஷின் மேல் ஒரு புதுப் பொட்டலம் உட்கார்ந்திருந்தது. அதன் மேல் மார்க்கர் பேனாவால், "சமர்த்தா இருந்து அக்கா தங்கச்சிக்கெல்லாம் நல்ல பேர் வாங்கிக் குடு" என்று எழுதியிருந்தது. கையெழுத்து ஆகுனுடையது. கோணல் மாணலாக, கோழி கிளறியது போல. எனக்குத் தெரியாதா?

என் மெஷினுக்கு நானே வாங்கி நானே வைத்த பொட்டலம். அதில் எழுத்தும் இல்லை, ஒன்றும் இல்லை.

"அவளுக்கு எதுக்கு நீ வாங்கிக் குடுத்தே?" என்று கேட்டேன். ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். பின்னால் உட்கார்ந்து அவன் காதில் கத்த வேண்டியிருந்தது.

"அவளுக்கா வாங்கினேன்? மெஷினுக்கு வாங்கினேன்."

"என் மெஷின் என்ன பாவம் பண்ணுச்சு?"

"உன் மெஷின் உன்னப் பாத்தே பயந்து கெடக்கு. அதுக்கு எதுக்குப் பொட்டலம்?" என்று சிரித்தான். அவன் சிரித்ததில் ஸ்கூட்டர் ஆடியது. நான் அவன் இடுப்பைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டேன்.

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு விளக்குகளை அணைத்தார்கள். பெட்டிச் சோறு முடிந்ததும் எல்லோரும் மேஜையில் கையை மடித்துத் தலை சாய்த்துத் தூங்குவது வழக்கம். நானும் சாய்ந்தேன். தூக்கம் வரவில்லை. எனக்கு நேர் எதிரே ரோலானின் மெஷின். அதன் மேல் அந்தப் பச்சைப் பொட்டலம். அதில் என் புருஷனின் கோழிக் கிளறல். அக்கா தங்கச்சியாம். ரோலான் பக்கத்திலேயே குழந்தை மாதிரி வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

எடுத்தேன். பிரித்தேன். தின்றேன்.

மொறுமொறு சத்தம் கேட்டுவிடும் என்று ஒவ்வொன்றாக நாக்கில் வைத்து, கரையும்வரை காத்திருந்து விழுங்கினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பொறுமையாக எதையும் தின்றதில்லை. நன்றாகத்தான் இருந்தது. காலிப் பொட்டலத்தை மடித்துக் காலுறைக்குள் செருகிக்கொண்டேன். விளக்கு எரிந்தபோது நானும் மற்றவர்களைப் போலக் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தேன்.

முதலில் பார்த்தது ரோலான்தான். முகம் வெளுத்துவிட்டது. "பொட்டலத்தக் காணோம்," என்றாள். உடனே ஹாங்கரே எழுந்து தேடியது. மேஜைக்கு அடியில், ஏணிக்குப் பின்னால், குப்பைத் தொட்டியில். "எலியா இருக்கும்," என்றார் தலைவர். ஆகுன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினான். வெறும் கையோடு திரும்பி வந்தான்.

"மஞ்சள்தான் இருக்கு. பச்ச தீந்துபோச்சாம்."

"மஞ்சள் வேண்டவே வேண்டாம்," என்று தலைவர் கையை உதறினார். "அதுக்கு ஒண்ணும் வைக்காமலே இருக்கலாம்."

"பரவால்ல தலைவரே, நான் பாத்துக்கறேன்," என்றாள் ரோலான். சொன்னாளே தவிர, உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். அன்று மதியம் அவள் பார்த்தது வாலுக்குப் பக்கத்தில், இடது புறம், சரக்குக் கதவுக்குப் பின்னால் உள்ள வரிசைகள். கீழே நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகுன் என் பக்கத்தில் வந்து மூக்கை உறிஞ்சினான். "என்ன, தேங்கா வாசன அடிக்குது?"

"ஷாம்பு," என்றேன்.

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

என் முறை வந்தது. முன்பக்கத்தை வழக்கம் போலப் பார்த்துக்கொண்டு போனேன். சரக்குக் கதவைத் தாண்டியதும் எனக்குள் ஏதோ முறுக்கேறியது. பொட்டலம் இல்லாத மதியம் அவள் பார்த்த இடம் இது. இங்கே எதையாவது தவறவிட்டிருக்க வேண்டும். இருக்க வேண்டும், இருந்தே ஆக வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. ஒரு ரிவெட்டுக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அதைப் போல மூன்று மடங்கு நின்றேன். கழுத்து விண்விண் என்று தெறித்தது. நிற்கிற பலகை காலை அறுத்தது. கடன்காரியை வாசலில் பிடித்து நிறுத்துவது போல ஒவ்வொரு ரிவெட்டையும் பிடித்து நிறுத்திக் கேட்டேன். இல்லை, இல்லை, இல்லை என்றே புள்ளி படுத்துக் கிடந்தது.

கீழ் வரிசையில் பழைய ஒட்டுத் தகடு ஒன்று இருக்கிறது. முன்னே எப்போதோ யாரோ பழுது பார்த்தது. இந்த மாதிரித் தகட்டின் விளிம்புக்கு அருகே போனாலே புள்ளி சோம்பலாக எழுந்து சோம்பலாக விழும். அது விரிசல் இல்லை, விளிம்பு. எல்லோருக்கும் தெரியும். நானும் அப்படித்தான் தாண்டிப் போயிருப்பேன், வேறு நாளாக இருந்தால். அன்று தாண்டவில்லை. புள்ளி எழுந்தது, விழும்போது ஓரத்தில் சின்னதாக ஒரு கொக்கி போட்டது. மறுபடி இழுத்தேன். கொக்கி. மறுபடி இழுத்தேன். இல்லை. மறுபடி. கொக்கி.

வேண்டுமென்றே கீறல் போட்டு வைத்திருக்கும் சோதனைத் துண்டில் மெஷினைச் சரிபார்த்துக்கொண்டு திரும்பவும் வந்தேன். இருக்கிறதா, இல்லையா? இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுப் பார்ப்பவளுக்கு இல்லாததும் தெரியுமே. என் கண்ணை நானே நம்பவில்லை. இருந்தாலும் தலைவரிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

இரண்டையும் ஒப்பிட்டார்கள். மற்ற எல்லா இடத்திலும் நாங்கள் ஒன்றாகவே சொல்லியிருந்தோம். இந்த ஒரு ரிவெட்டில் மட்டும் அவள் சுத்தம் என்றாள், நான் விரிசல் என்றேன்.

எல்லோரும் மேலே ஏறி வந்தார்கள். விமானக் கம்பெனிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ரிவெட்டைத் திறந்தால் பழுது, மறுபடி சோதனை, விமானம் கிளம்பத் தாமதம். உள்ளேயிருந்து பார்க்கவும் வழியில்லை. சரக்கறையின் உலோகச் சட்டம் மறைக்கிறது. தலைவர் முனையை வாங்கி இழுத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ரெண்டு விதமாவும் சொல்லலாம்," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். ஹாங்கரில் யார் யாரைப் பார்த்துப் பொருமுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. "நெஞ்சத் தொட்டுச் சொல்லு, மெய். மெஷின் சொல்லுதா, நீ சொல்றியா?"

பின்னால் யாரோ கனைத்தார்கள். எனக்குக் காது மடல் சுட்டது. ஆகுனைப் பார்த்தேன். துளைக்கருவியைக் கையில் வைத்துக்கொண்டு தன் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றான். கட்டின புருஷன்.

"ரெண்டும்தான், தலைவரே," என்றேன். "மெஷினும் சொல்லுது. நானும் சொல்றேன்."

ரோலான் முன்னால் வந்தாள். "நான் ஒரு தடவ பாக்கட்டுமா அக்கா?" என்று என்னிடம் அனுமதி கேட்டுவிட்டு முனையை வாங்கினாள். நிதானமாக இழுத்தாள். அவள் கை அழகாக நகரும். அதை மட்டும் மறுக்க முடியாது. ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எனக்கு விளிம்பு மாதிரிதான் தெரியுது," என்றாள்.

கம்பெனிக்காரர் கையை அவிழ்த்துக் கீழே இறங்கத் தயாரானார்.

"ஆனா தொறங்க," என்றாள் ரோலான். "அக்கா சொன்னா சரியா இருக்கும்."

என்னை யாராவது கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவ்வளவு கோபம் வந்திருக்காது. இவள் யார் எனக்குத் தானம் போட? நான் அவளிடம் கேட்டேனா? ஆனால் அவள் சொன்னதும் ஆகுன் துளைக்கருவியைத் தூக்கினான். நான் சொன்னபோது தூக்காத கை.

ரிவெட்டின் தலை பறந்தது. மிச்சத்தைத் தட்டி வெளியே தள்ளினான். தலைவர் பூதக்கண்ணாடி வைத்து ஓட்டையைச் சுற்றிப் பார்த்தார். "சுத்தமா இருக்கு," என்றார். கம்பெனிக்காரர் ஒரு பெருமூச்சு விட்டார். ஆகுன் உதட்டைக் கடித்தான். என்னை வைய முடியாததால் கடித்தான்.

"அது வெளித் தகடு," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "உள் தகட்டப் பாருங்க."

ரோலானே பார்த்தாள். ஓட்டைக்குள் விடும் மெல்லிய முனையை நுழைத்து மெதுவாகத் திருப்பினாள். நான் திரையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புருவம் ஏறியது.

"இருக்கு," என்றாள். இன்னும் கொஞ்சம் திருப்பினாள். "ரெண்டு பக்கமும் இருக்கு."

அடுத்த ரிவெட்டையும் திறந்தார்கள். அங்கேயும் இருந்தது. வெளியே பெயின்ட் பளபளத்துக்கொண்டிருக்க, உள்ளே ஓர் ஓட்டையிலிருந்து அடுத்த ஓட்டையைப் பார்த்து விரிசல் போய்க்கொண்டிருந்தது. இரண்டும் கை கோத்திருந்தால் மேலே, நடு வானத்தில், அந்தத் தோல் கிழிந்திருக்கும். கம்பெனிக்காரர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று இருந்தது. ரோலான் தவறவிட்டாள்! நான் பிடித்தேன்! இப்போது சொல்லுங்கடா, யார் சொன்னால் சரியாக இருக்கும்? வாயைத் திறந்து யாராவது ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

தலைவர்தான் திறந்தார். "அன்னிக்கி மத்தியானம் பொட்டலம் இல்ல," என்றார். "அதான்."

"ஆமாமா," என்றார்கள் எல்லோரும். "அதான் விஷயம். எலி பண்ணின வேல." விமானக் கம்பெனிக்காரர்கூடத் தலையை ஆட்டினார்.

போச்சு. ரோலான் தவறவில்லையாம், மெஷின் அடம் பிடித்ததாம். அவள் பெயரில் ஒரு கீறல்கூட விழவில்லை. என் வெற்றியைச் சோளப் பொரியோடு சேர்த்து நானே தின்று விழுங்கியிருக்கிறேன். ஆகுன் என்னை நிமிர்ந்து பார்த்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு அவன் மூக்கு விடைத்தது. எல்லாம் தெரிந்துவிட்டது படுபாவிக்கு.

"இல்ல தலைவரே," என்றாள் ரோலான். "பொட்டலம் இல்லாததால இல்ல. அங்க இருக்கறது எனக்குத் தெரியல. இப்பவும்தான் தெரியல. அவ்வளவுதான்."

நியாயமாகவும் பேசித் தொலைக்கிறாள். எதில்தான் இவளைப் பிடிப்பது?

சாயங்காலம் தலைவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஆகுன் சும்மா வந்தவன் போல வாசலில் வந்து நின்றான். சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் தலைவர் என் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். மேலே, பெரிதாக. அதன் கீழே சின்னதாக ரோலானின் பெயர்.

"இனிமே நீதான் முதல், மெய்," என்றார். "நிரந்தரமா. ரோலான் ரெண்டாவது. போதுமா?"

போதுமாவா! எத்தனை வருஷம் இந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். என் பெயர் எவ்வளவு அழகான எழுத்துக்களால் ஆனது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆகுன் வாசலில் நின்று பல்லைக் காட்டினான்.

அப்போது ரோலான் உள்ளே வந்தாள். கையில் பால் தேநீர்க் கோப்பைகள். தலைவருக்கு ஒன்று, ஆகுனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. "அக்காவுக்கு அரச் சக்கர, ஐஸ் கம்மி," என்று இரண்டு கையாலும் நீட்டினாள். முகத்தைக் கூர்ந்து பார்த்தேன். உதட்டோரத்தில், கண்ணோரத்தில், எங்கேயாவது ஒரு சுளிப்பு இருக்கும் என்று ரிவெட்டைத் தேடுவது போலத் தேடினேன். பறிகொடுத்தவள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? அவளிடம் ஒன்றுமே இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

"நீங்க முன்னாடி போனா எனக்கு நிம்மதி, அக்கா," என்றாள். "நீங்க பாத்துட்டுப் போன எடத்துல இனிமே ஒண்ணும் இருக்காது."

கோப்பை என் கையில் சில்லென்று இருந்தது. அதைவிட அவள் சொன்னது சில்லிட்டது.

இப்படிச் சொல்கிறவளா எனக்குப் பின்னால் வரப்போகிறாள்? அன்றைக்கு அந்த விரிசலை நான் எப்படிக் கண்டேன்? கெட்டிக்காரத்தனத்தாலா? அவள் தவறியிருக்க வேண்டும் என்று வெறி பிடித்து அலைந்ததால் கண்டேன். அவள் கையை நம்பாமல், அவள் கண்ணை நம்பாமல், அவளை மூக்குடைக்க வேண்டும் என்றே ஒவ்வொரு ரிவெட்டிலும் நின்றதால் கண்டேன். நான் தவறாதவளா? எத்தனை முறை ஒப்பிட்டுப் பார்க்கும்போது நான் விட்டதை சூ பிடித்திருக்கிறார், அவர் விட்டதை நான் பிடித்திருக்கிறேன். நானும் விடுவேன். கழுத்து வலிக்கும் ஒரு மதியம், ஏதாவது ஒரு விளிம்புக்குப் பக்கத்தில், நிச்சயம் விடுவேன். அப்போது எனக்குப் பின்னால் இந்தப் பெண் வருவாள். புள்ளி லேசாகக் கொக்கி போடும். 'அக்கா பார்த்த இடம், விளிம்பாகத்தான் இருக்கும்' என்று அழகான கையால் அழகாகத் தாண்டிப் போவாள். விமானம் மேலே ஏறும்.

கோப்பையை மேஜையில் வைத்தேன்.

"வேண்டாம் தலைவரே."

"என்ன வேண்டாம்? ஐஸ் ஜாஸ்தியா?"

"முதல் வேண்டாம். அவளே முதலா இருக்கட்டும். நான் ரெண்டாவதாவே போறேன்."

எனக்கே என் வாயை அடைக்க வேண்டும் போல இருந்தது. ஆகுன் வாசலிலிருந்து உள்ளே வந்துவிட்டான். "பாத்தீங்களா தலைவரே, எங்க குய்மெய்க்கு எவ்வளவு பெரிய மனசுன்னு!" என்றான். ரோலானுக்குக் கண் கலங்கிவிட்டது. "அக்கா..." என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் உதறினேன். பெரிய மனசாம்! அந்த நிமிஷம் என் மனசைத் துளைத்துத் திறந்து காட்டியிருந்தால் ரெண்டு பேரும் ஓடியிருப்பார்கள்.

தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. பேனாவை மூடாமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டார், "ஏன், மெய்?"

"எனக்குப் பின்னாடி வர்றதுக்கு, என்மேல பொறாமப்படற ஆளு ஒருத்தர்கூட இந்த ஹாங்கர்ல இல்ல, தலைவரே."

அவர் பலகைப் பக்கம் திரும்பி, மேலே இருந்த என் பெயரைத் துணியால் துடைத்தார். அந்த இடத்தில் ரோலானின் பெயரை எழுதினார், பெரிதாக. கீழே சின்னதாக என் பெயரை எழுதினார். எழுதி முடிக்கும்வரை நான் கண்ணை எடுக்கவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யாரும் பார்த்துவிடக் கூடாது என்று மேஜையில் இருந்த தேநீரை எடுத்து மடமடவென்று குடித்தேன். அரைச் சர்க்கரை, ஐஸ் கம்மி. அதிலும் அவள் ஒரு பிசகும் பண்ணியிருக்கவில்லை.